மத்தியஸ்தர் மேசை

சென்ற மாதம் ஒரு பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் மன்றம் நடத்திய விவாத அரங்குக்கு நடுவராக என்னை அழைத்திருந்தார்கள். உள்நாட்டுப் போர்களை முடித்து வைப்பது அந்நிய நாடுகளின் இராஜதந்திரமே என்பது விவாதப் பொருள். வெட்டிப் பேசியவர்கள் நமது நாட்டையே சான்று காட்டினார்கள். ஒட்டிப் பேசியவர்கள் ஐக்கிய நாடுகள் சபையின் சாசனத்தை எடுத்துரைத்தார்கள். இரு சாராருக்கும் தமிழ் நன்றாக வந்தது. வெட்டிப் பேசியவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே வந்தது. ஆகவே பரிசு அவர்களுக்கே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். சொற்றிறனுக்குப் புள்ளி இட்டேனேயன்றிப் பொருளுக்கு இடவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

தேநீர் வேளையில், தோற்ற அணியைச் சேர்ந்த மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "சேர், வெளியார் போய்ப் பேசி முடித்து வைத்த போர் ஒன்றைச் சொல்லுங்கோ" என்றாள். மொசாம்பிக் என்றேன். அவ்வளவில் விடாமல் வேறொரு கேள்வியும் கேட்டாள். அதனைப் பின்னர் சொல்கிறேன். மேடையில் நான் சொல்லத் தவறிய தீர்ப்பை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன்.

தூது என்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிய பொருளன்று. திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் ஔவை சென்றாள். பாண்டவர் பொருட்டு அத்தினாபுரத்துக்குக் கண்ணன் சென்றான். ஆயினும் இவர்கள் ஒரு பக்கத்தின் தூதர்கள். இக்காலத்தில் மத்தியஸ்தர் என்று நாம் குறிக்கின்ற மனிதரைப் பழைய நூல்களிலே தேடினால், கோவூர்கிழாரே என் கண்முன் நிற்கிறார். சோழர் குடியிற் பிறந்த நலங்கிள்ளி உறையூரை முற்றியிருக்க, அதே குடியிற் பிறந்த நெடுங்கிள்ளி மதிலுக்குள்ளே அடைபட்டிருக்க, இருவருக்கும் நடுவே நின்று, எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று அப்புலவர் இடித்துரைத்தார். அவர் கையிலே படை இல்லை. கொடுப்பதற்குப் பொருளும் இல்லை. எந்தப் பேரரசும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கண் சிமிட்டவில்லை.

1990ஆம் ஆண்டு ஜூலை மாதம் ரோமாபுரியிலே, பழைய கன்னியர் மடம் ஒன்றில் நடந்த மூன்று நாட் சந்திப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோவூர்கிழார் நினைவு வருவதுண்டு. மொசாம்பிக் அரசாங்கத்தின் பிரதிநிதிகளும், அதனை எதிர்த்துப் போராடிய ரெனாமோ இயக்கத்தின் பிரதிநிதிகளும் அங்கேதான் முதன்முதலாக நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். மூன்றாம் நாள் முடிவில் அவர்கள் வெளியிட்ட கூட்டறிக்கையில் போர்நிறுத்தம் பற்றிய உடன்பாடு எதுவும் இல்லை. தாங்கள் இரு சாராரும் ஒரு நாட்டு மக்கள், ஒரு பெரிய குடும்பத்தின் உறுப்பினர்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அது வரை ஒரு பக்கம் மற்றதைக் கொள்ளைக்காரர் என்றும், மற்றப் பக்கம் இதனைக் கொடுங்கோலர் என்றும் அல்லாமல் வேறு பெயரால் அழைத்ததில்லை. அந்த ஒரு வாக்கியத்தை அடைவதற்கு அந்த நாடு எத்தனை இலட்சம் உயிர்களைக் கொடுத்திருந்தது என்பதை அறிந்தால்தான் அதன் பெறுமதி விளங்கும்.

மொசாம்பிக் 1975 ஜூன் 25ஆந் திகதி போர்த்துக்கலிடமிருந்து விடுதலை பெற்றது. பத்தாண்டு காலம் காட்டிலிருந்து போராடிய பிரெலிமோ இயக்கம், சமோரா மாசெலின் தலைமையில் ஆட்சிக்கு வந்தது. அண்டை நாடாகிய ரொடீசியாவில் அப்போது ஆட்சி புரிந்தது வெள்ளைச் சிறுபான்மை. தனக்கு எதிராகப் போராடும் கறுப்பின மக்களுக்கு மொசாம்பிக் புகலிடம் கொடுத்ததைப் பொறுக்காத அந்த ஆட்சியின் உளவுப் பிரிவு, பிரெலிமோவில் வெறுப்புற்றவர்களைச் சேர்த்து வளர்த்ததே ரெனாமோ. 1980இல் ரொடீசியா சிம்பாப்வேயாக மாறியபோது, அந்த வளர்ப்புப் பிள்ளையைத் தென்னாபிரிக்காவின் நிறவெறி அரசு தத்தெடுத்துக் கொண்டது.

இவ்வளவும் சொன்னதனால், குற்றம் முழுவதும் வெளியாருடையது என்று நான் கூறுவதாக எண்ணிவிடலாகாது. விவசாயிகளைப் பலவந்தமாகக் கூட்டுக் கிராமங்களிற் குடியேற்றியதும், பரம்பரைத் தலைவர்களையும் சமயங்களையும் இழிவுபடுத்தியதும் பிரெலிமோவின் சொந்தத் தவறுகளே. அவற்றால் நொந்த மனங்கள் கிராமங்களில் இருந்திராவிட்டால், வெளியார் போட்ட நெருப்பு அத்தனை காலம் எரிந்திராது. எரிந்தது பதினைந்து ஆண்டுகளுக்கு மேல். போரினாலும் அதனோடு வந்த பஞ்சத்தினாலும் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டார்கள். பதினேழு இலட்சம் பேர் எல்லை கடந்து அகதிகளானார்கள். அவர்களிலே பத்து இலட்சம் பேரைத் தாங்கியது மலாவி என்ற மிக வறிய சிறு நாடு.

இந்தப் போரிலே அந்நிய இராஜதந்திரத்தின் முதல் முயற்சி எவ்வாறு முடிந்தது என்பதை மாணவர்கள் அவசியம் அறிய வேண்டும். 1984 மார்ச் 16ஆந் திகதி, இரு நாட்டு எல்லையிலே நிகோமாட்டி ஆற்றங்கரையில், மாசெலும் தென்னாபிரிக்கப் பிரதமர் போத்தாவும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டார்கள். ஆபிரிக்கத் தேசிய காங்கிரசுக்கு இடங்கொடுப்பதில்லை என்று மொசாம்பிக்கும், ரெனாமோவுக்கு உதவுவதில்லை என்று தென்னாபிரிக்காவும் வாக்களித்தன. மேலைநாட்டுத் தலைநகரங்கள் இதனை மெச்சின. மொசாம்பிக் தன் வாக்கைக் காத்தது; தன்னை நம்பி வந்த காங்கிரஸ்காரரைத் தயக்கத்தோடேனும் வெளியேற்றியது. தென்னாபிரிக்காவோ ஆயுதங்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. மறு ஆண்டு ஓகஸ்டில், கொரொங்கோசா மலைப்பகுதியில் இருந்த ரெனாமோவின் தலைமை முகாம் அரசாங்கப் படையினரிடமும் சிம்பாப்வே படையினரிடமும் வீழ்ந்தது. அங்கே அகப்பட்ட நாட்குறிப்புகளில், ஒப்பந்தத்தின் பின்னரும் தொடர்ந்த அந்தத் தொடர்பு எழுத்து மூலமாகவே பதிவாகியிருந்தது. 1986 ஒக்டோபரில் மாசெல் தென்னாபிரிக்க மண்ணில் நடந்த விமான விபத்தொன்றில் மாண்டார். நிகோமாட்டியில் உட்கார்ந்தவர்கள் இரண்டு அரசுகள். போர் செய்துகொண்டிருந்த இரு சாராரில் ஒரு சாராருக்கு அங்கே நாற்காலியே இல்லை. நாற்காலி இல்லாதவன் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படவும் இல்லை. விவாத அரங்கில் வெட்டிப் பேசிய அணிக்கு இந்தச் சான்று தெரிந்திருந்தால் எவ்வளவு அழகாகப் பயன்படுத்தியிருப்பார்கள்!

பின்னர் கென்யாவின் ஜனாதிபதி மோயும் சிம்பாப்வேயின் முகாபேயும் 1989இல் முயன்றார்கள். முகாபேயின் படைகள் மொசாம்பிக் அரசாங்கத்தின் பக்கத்தில் நின்று போராடிக்கொண்டிருந்தன. கென்யாவோ ரெனாமோவுக்கு நெருக்கமானது. இவனை அவன் நம்பவில்லை, அவனை இவன் நம்பவில்லை. இப்படி வலியவர்கள் எல்லாரும் சலித்துப்போன இடத்தில்தான், இன்னார் என்று உலகம் அறியாத சிலர் உள்ளே வந்தார்கள்.

சாந்த் எஜிடியோ சமூகம் என்பது 1968இல் ரோமாபுரியிலே உயர்பாடசாலை மாணவராயிருந்த அந்திரேயா ரிக்கார்டி என்பவர் தம் நண்பர்களோடு தொடங்கிய கத்தோலிக்கப் பொதுநிலையினர் சங்கம். நகரத்தின் சேரிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பதே அதன் ஆரம்ப வேலை. மொசாம்பிக்கின் பெய்ரா நகரப் பேராயர் ஜைமே கொன்சால்வெஸ் அவர்களுக்கு நெடுநாள் நண்பர். அந்த நட்பின் வழியாகப் பஞ்ச காலத்தில் உணவும் மருந்தும் அனுப்பினார்கள். அரசாங்கத்தோடு பழக்கம் உண்டாயிற்று. பேராயரோ ரெனாமோவின் தலைவர் அபோன்சோ டிலக்காமாவைக் காட்டுக்குள் சென்றே சந்தித்துப் பேசியவர். அத்தலைவரின் தாய்மொழியைத் தாமும் பேசுபவர். 1990இல் இரு சாராரும் ரோமாபுரியிற் கூடியபோது, ரிக்கார்டி, அந்தச் சமூகத்துக் குருவாகிய மத்தேயோ சுப்பி, பேராயர், இத்தாலிய அரசாங்கத்தின் சார்பில் மாரியோ ரபயெல்லி ஆகிய நால்வரும் முதலில் வெறும் பார்வையாளர்களாகவே அமர்ந்தார்கள். வேறு யாரையும் மத்தியஸ்தராக ஏற்க இரு சாராரும் உடன்படாமையால், அந்தப் பொறுப்பும் இவர்கள் தலையிலேயே விழுந்தது.

இருபத்தேழு மாதங்கள் பேசினார்கள். ஒரு போரை நிறுத்துவதற்கு இத்தனை மாதமா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பேச்சு நடந்துகொண்டிருந்த மாதங்களிலும் கிராமங்களில் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. ஆயினும் அந்த மேசையில் நடந்த மாற்றத்தையும் காண வேண்டும். காட்டிலே கட்டளை கொடுக்க மட்டும் பழகிய இளைஞர்கள், தேர்தற் சட்டம் என்றால் என்ன, கட்சி என்றால் என்ன, பத்திரிகைச் சுதந்திரம் என்றால் என்ன என்று வாசகம் வாசகமாக வாதிடக் கற்றுக்கொண்டார்கள். ரெனாமோக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ராவுல் டொமிங்கோசும் அரசாங்கக் குழுவின் தலைவர் அர்மாந்தோ கெபூசாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசப் பழகினார்கள். பள்ளிக்கூடம் நடத்திப் பழகிய அந்தச் சமூகத்தாருக்கு இந்தப் பொறுமை இயல்பாக இருந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

மத்தியஸ்தரின் பொறுமை மட்டும் காரணமாயிற்று என்றால் அது உபசார மொழியாகிவிடும். 1989இல் சோவியத் உதவி வற்றத் தொடங்கியிருந்தது. அவ்வாண்டே பிரெலிமோ மார்க்சிய லெனினியத்தைக் கைவிட்டது. 1990 நவம்பரில் பல கட்சி ஆட்சிக்கு இடந்தரும் புதிய அரசியலமைப்பை இயற்றியது. தென்னாபிரிக்காவில் 1990 பெப்ரவரியில் மண்டேலா விடுதலையானார். ரெனாமோவைத் தாங்கிய கையும் தளர்ந்தது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் தென்பகுதி ஆபிரிக்கா முழுவதையும் கொடிய வரட்சி வாட்டியது. கிராமங்களைப் பறித்துத் தின்று வாழ்ந்த படைகளுக்குப் பறிப்பதற்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. உணவு வண்டிகளுக்கு வழிவிடுவதாக 1992 ஜூலையிலே இரு சாராரும் உடன்பட்டதற்கு மத்தியஸ்தரின் நாவன்மையைவிடப் பசியே பெரிய காரணம் என்பேன். இவ்வாறு வெளியிலிருந்து வந்த எண்ணெய் வற்றிய பின்னரே விளக்கு அணையத் தொடங்கியது. அணைகின்ற வேளையில் இருட்டிலே ஒருவரையொருவர் குத்திக்கொள்ளாதபடி கையைப் பிடித்துக்கொண்டவர்கள்தாம் அந்த நால்வர். 1992 ஒக்டோபர் 4ஆந் திகதி ஜனாதிபதி சிசானோவும் டிலக்காமாவும் ரோமாபுரியிற் கைச்சாத்திட்டார்கள். அந்த நாள் இன்றும் மொசாம்பிக்கில் பொது விடுமுறை.

கைச்சாத்தோடு வேலை முடிந்தது என்று எண்ணுகிற இராஜதந்திரிகளுக்கு அங்கோலா ஒரு பாடம். அதுவும் போர்த்துக்கலிடமிருந்து விடுபட்ட நாடு; அங்கும் உள்நாட்டுப் போர். 1991 மே மாதத்தில் சமாதான ஒப்பந்தம். 1992 செப்டெம்பரில் தேர்தல். இரு படைகளும் கலைக்கப்படாத நிலையிலேயே தேர்தல் நடந்தது. தோற்ற சவிம்பி முடிவை ஏற்க மறுத்தார். போர் முன்னையினும் கொடிதாக மூண்டது. அங்கே ஐக்கிய நாடுகள் சபையின் பிரதிநிதியாயிருந்த ஆன்ஸ்டி அம்மையாருக்குக் கொடுக்கப்பட்ட ஆட்பலமும் பணமும் மிகச் சொற்பம். அவருக்கு ஆணை கொடுத்த பாதுகாப்புச் சபைத் தீர்மானத்தின் இலக்கம் 747 என்பதால், 747 விமானத்தை ஓட்டச் சொல்லிவிட்டுச் சிறிய விமானத்துக்குரிய எரிபொருளைத் தந்தார்கள் என்று அவர் கசப்போடு நகையாடினார்.

அங்கோலாவின் தீ மூண்டது, ரோமாபுரியில் மை காய்ந்துகொண்டிருந்த அதே வாரங்களில். அதனால்தான் மொசாம்பிக் தப்பியது என்றும் சொல்லலாம். அண்டை வீட்டு நெருப்பு இந்த வீட்டுக்கு எச்சரிக்கையாயிற்று. 1992 டிசெம்பரில் பாதுகாப்புச் சபை இந்நாட்டுக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் கொண்ட பெரிய தூதணியை அனுமதித்தது. அதன் தலைவர் அல்டோ அயெல்லோ என்ற இத்தாலியர், படைகள் கலைக்கப்பட்ட பின்னரே தேர்தல் என்பதில் உறுதியாக நின்றார். ஓராண்டிலே நடத்தக் கருதியிருந்த தேர்தல் அதனால் இரண்டாண்டாக நீண்டது. இரு பக்கத்துப் போர்வீரர்களும் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்குச் சிறு உதவிப் பணம் பெறும் உறுதியோடு ஊர் திரும்பினார்கள். ரெனாமோ கட்சியாக மாறுவதற்கென்று ஒரு நிதியும் திறக்கப்பட்டது. 1993இன் பிற்பகுதியிலிருந்து மாதந்தோறும் மூன்று இலட்சம் டொலர் டிலக்காமாவின் கைக்குப் போயிற்று.

இந்த இடத்திலே நல்லவர்கள் பலர் முகஞ் சுளிப்பார்கள். ஊரை எரித்தவனுக்கு உதவிச் சம்பளமா? காசு கொடுத்து வாங்கிய சமாதானம் ஒரு சமாதானமா? நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியவன். அந்த இயக்கத்தை வளர்க்க ரொடீசியாவும் தென்னாபிரிக்காவும் கொட்டிய பணத்தைப் பற்றி யாரும் இத்தனை கூச்சப்படவில்லை என்பதை நினைத்த பின்னர், என் சுளிப்பு நீங்கிற்று. 1994 ஒக்டோபர் 27ஆந் திகதி வாக்கெடுப்பு. அதற்கு முந்திய இரவு, தாம் விலகிக்கொள்வதாக டிலக்காமா அறிவித்தார். நாடு நடுங்கியது. தூதுவர்களும் அயல் நாட்டுத் தலைவர்களும் ஓயாது பேசி அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வாக்கெடுப்பு மூன்றாம் நாளுக்கும் நீடிக்கப்பட்டது. சிசானோ வென்றார். 250 ஆசனங்களில் பிரெலிமோவுக்கு 129, ரெனாமோவுக்கு 112. தோற்றவர் காட்டுக்குத் திரும்பவில்லை. பாராளுமன்றத்திற் போய் உட்கார்ந்தார்கள்.

நமது நாட்டை வைத்து வெட்டிப் பேசிய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நோர்வேயின் அனுசரணையில் 2002 பெப்ரவரி 22ஆந் திகதி கைச்சாத்தான போர்நிறுத்தமும், 2003 ஜூனில் டோக்கியோவில் உலக நாடுகள் வாக்களித்த 450 கோடி டொலரும், 2008 ஜனவரியில் அந்தப் போர்நிறுத்தம் முறிக்கப்பட்டதும், 2009 மே மாதத்தில் போர் முடிந்த விதமும் உங்கள் பெற்றோருக்குப் புத்தகச் செய்தியல்ல. அங்கே இரு சாராருக்கும் ஒரே காலத்தில் போரின் ஊற்றுகள் அடைபட்டன, இங்கே அடைபடவில்லை. அங்கே இரு சாராரும் வெல்ல முடியாது என்று உணர்ந்தார்கள். இங்கே அந்த உணர்வு இருவருக்கும் ஒரே நாளில் வாய்க்கவில்லை. தூதர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பதைவிட இந்த வேறுபாட்டை ஆராய்வது உங்களுக்குப் பயன் தரும். பரிசு கொடுத்த நாளில் இதனை நான் சொல்லியிருக்க வேண்டும்.

மொசாம்பிக்கையும் பொன்னுலகமாகக் காட்டிவிட வேண்டாம். தேர்தலில் வென்றவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அப்படியே இருந்தது. ரெனாமோ தேர்தலுக்குத் தேர்தல் தோற்றது. மாகாண ஆளுநர் பதவி ஒன்றேனும் அதற்குக் கிடைக்கவில்லை. 2013இல் மீண்டும் துப்பாக்கிகள் வெடித்தன. அப்போது ஜனாதிபதியாக இருந்தவர், ரோமாபுரியில் இருபத்தேழு மாதம் அரசாங்கத்தின் சார்பிலே பேசிய அதே கெபூசா. 2018இல் டிலக்காமா மாண்டார். 2019 ஓகஸ்டில் இன்னொரு சமாதான ஒப்பந்தம். 2023 ஜூனிலேயே ரெனாமோவின் கடைசி முகாம் மூடப்பட்டது. வடக்கே காபோ டெல்காடோவில் 2017இல் தொடங்கிய கலகம் வேறொரு கதை. மண்ணுக்குள் புதைத்த மிதிவெடிகளை அகற்றி முடித்தோம் என்று அந்நாடு அறிவித்தது 2015இல். ரோமாபுரிக் கைச்சாத்துக்கு இருபத்துமூன்று ஆண்டுகளின் பின்.

அந்த மாணவியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "அந்த மேசையிலே சனங்களின்ர பக்கம் யார் இருந்தது, சேர்?" என்று கேட்டாள்.

நால்வர் மத்தியஸ்தர், இரு சாராரின் பிரதிநிதிகள், 1992இன் நடுப்பகுதியிலிருந்து ஐக்கிய அமெரிக்கா, பிரான்சு, பிரித்தானியா, போர்த்துக்கல், ஐக்கிய நாடுகள் சபை ஆகியவற்றின் பார்வையாளர். பேராயரை வேண்டுமானால் மக்களின் பக்கம் என்று சொல்லலாம். காது அறுபட்டவர்களும், பிள்ளைப் பருவத்திலே துப்பாக்கி கொடுக்கப்பட்டவர்களும், சிறை கொண்டு போகப்பட்ட பெண்களும் அந்த மண்டபத்தில் இல்லை. 1988இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்துக்காக ஒருவர் அகதி முகாம்களில் அவர்களை விசாரித்து எழுதிய அறிக்கை உலகை உலுக்கியது. அதன் பின்னர் அவர்களை யாரும் அழைத்து ஒன்றும் கேட்கவில்லை. கைச்சாத்து நடந்து பத்தாம் நாள், 1992 ஒக்டோபர் 14ஆந் திகதி, மொசாம்பிக் பாராளுமன்றம் இரு சாராருக்கும் பொதுமன்னிப்பு வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. விசாரணை இல்லை, உண்மை ஆணைக்குழு இல்லை. கிராமங்களில், திரும்பி வந்த போர்வீரனை ஊர் வைத்தியர்கள் நீராட்டி, போர்க்களத்துச் சட்டையைக் கழற்றி எரித்து, இறந்தோர் ஆவிகளிடம் பிழை பொறுக்கும்படி வேண்டி, வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார்கள். அதனை எந்த ஒப்பந்தமும் எழுதியிருக்கவில்லை.

இவ்வளவையும் அன்று அவளிடம் நான் சொல்லவில்லை. யாரும் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு, வெறுங் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த தன் தோழிகளிடம் போய்விட்டாள்.